சிவப்புப் பட்டில் ஒரு மீன்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். யார் என்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். சிவப்புப் பட்டில் தைத்த சின்னப் பை. மேலே ஒரு முடிச்சு, கீழே குஞ்சம். சீனர்களின் பாரம்பரிய மூலிகைப் பை, துணி பீரோவில் வையுங்கள், காரில் தொங்கவிடுங்கள், தலையணைக்கு அடியில் வைத்தால் நல்ல தூக்கம் வரும் என்று கீழே எழுதியிருந்தது. நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். ஒருத்தி கைகூப்பினாள். இன்னொருத்தி, எங்கே கிடைக்கும், லிங்க் அனுப்பு என்றாள். நான் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் தேய்த்தேன். எனக்கு அவ்வளவு கோபம்.

ஏன் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை என்று அப்புறம் கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது. குழுவில் எழுதினால் பாதியிலேயே யாராவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டுவிடுவீர்கள். அதனால் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் வயதில் இனிமேல் கோபத்தை அடக்கி வைத்து என்ன ஆகப்போகிறது? அடக்கியதற்குத்தான் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறோமே.

அந்தப் பையை நான் முதன்முதலில் பார்த்தது குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில், நாமெல்லாம் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த வயதில். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். மாங்காய்க்கு உப்பு மிளகாய் வாங்கப் பின்பக்கமாக வந்து நிற்பீர்களே, கேட்டதற்கு மேல் ஒரு கை வெல்லமும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவாளே ஒருத்தி, அவள்தான் என் சாச்சி. சின்னம்மா என்று நீங்கள் சொல்வது எங்களுக்குச் சாச்சி. அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி மனைவி.

அது மூன்று அண்ணன் தம்பிகளின் கூட்டுக் குடும்பம். பெரியத்தா ஊரில் இருந்து நிலத்தையும் நெல் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். என் அத்தா பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தார். சாச்சா சிங்கப்பூரில் மளிகைக் கடை. இப்படிக் கப்பலேறிப் போய்ச் சம்பாதிக்கிறவர்களை எங்களில் சபராளி என்போம். வீட்டில் மருமகள்கள் மூன்று பேர். புருஷன் கூட இருந்தது பெரியம்மாவுக்கு மட்டும்தான். என் அம்மாவும் சாச்சியும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்கள்.

சாச்சிக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கல்யாணம் ஆன சூட்டோடு சாச்சா கப்பலேறிவிட்டார். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு வேலை செய்ய என்ன தடை என்று எல்லா வேலையும் அவள் தலையில் விழுந்தது. அறுவடை ஆள்களுக்குச் சோறு, பெரியம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய், எங்கள் தலைக்கெல்லாம் பேன் சீப்பு. பின்கட்டில் பெரிய அண்டாவில் நெல் அவிப்பதும் அவள்தான். அவித்த நெல் வாசனையைச் சொல்லி நீங்கள் குழுவில் உருகி உருகி எழுதுவீர்கள். அந்த ஆவியில் வெந்த கையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அந்த உருக்கமெல்லாம் வராது.

சரி, பைக்கு வருகிறேன். மூலிகைப் பை என்றதும் ஏதோ சீனாவிலிருந்து இப்போதுதான் இறங்கிய அதிசயம் மாதிரி இதயம் போட்டீர்களே, நம் வீடுகளில் என்ன குறைச்சலாக இருந்தது? மழைக்காலம் வந்தால் எனக்கு மூக்கு ஒழுகும். கருஞ்சீரகத்தை இடித்து வெள்ளைத் துணியில் சின்னக் கிழியாகக் கட்டி, அம்மா என் சட்டையில் ஊக்குப் போட்டுக் குத்திவிடுவாள். வகுப்பில் அதை முகர்ந்துகொண்டே இருப்பேன். மூக்குப்பொடிக்காரி என்று எனக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். கைக்குழந்தைக்கு வசம்பைக் கோத்து வளையல். நெஞ்சில் சளி கட்டினால் ஓமத்தை முடிந்து தோசைக் கல்லில் சூடு காட்டி ஒத்தடம். நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தில் காய்ந்த நொச்சியும் வேம்பும். துணிப் பெட்டியில் வெட்டிவேர் முடிச்சு. இதையெல்லாம் யாரும் மருந்து என்றுகூடச் சொன்னதில்லை. உப்பு, புளி போல அதுபாட்டுக்கு வீட்டில் இருந்தது.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது உங்களில் பலருக்குத் தெரியாது. இந்தக் கிழி எதிலும் எழுத்து இருக்காது. எழுத்து இருந்தால் அது வேறு. பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்து ஓதி, தாளில் எழுதி, மடித்து, துணிக்குள் வைத்துத் தைத்துக் கழுத்தில் கட்டுவது தாயத்து. அதை முகரக் கூடாது, பிரிக்கக் கூடாது, குளியலறைக்குள் கொண்டுபோகக் கூடாது. நல்லதுக்கு எழுதுகிறவர் இருக்கும்போது கெட்டதுக்கு எழுதுகிறவனும் எங்கேயாவது இருப்பான் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் உறுதியாக நம்பினார்கள். முன்பின் தெரியாத எழுத்தோடு ஒரு பை பெட்டிக்குள் அகப்பட்டால் அது செய்வினை. கேள்வியே கிடையாது. ஓடுகிற தண்ணீரில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

சாச்சா ஐப்பசி மழையில் வந்து இறங்கினார். ஆற்றில் கலங்கல் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு போன நேரம். எங்கள் வீட்டில் ஒரு துணியும் காயவில்லை. சாம்பிராணிச் சட்டி மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் பாவாடைகளைப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள் சாச்சி. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி வாடகைக் காரில் வந்தவர், நனைந்த கைலியோடு நேரே அந்தச் சாம்பிராணிப் புகைக்குள் போய் நின்றார். சாச்சிக்கு முகம் சிவந்ததை நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துச் சிரித்தோம்.

சபராளியின் பெட்டியைக் கூடத்தில் வைத்து எல்லார் முன்னாலும் திறப்பது வழக்கம். திறக்கிற உரிமை பெரியம்மாவுக்கு. மூடியைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை என்னால் பிரித்துச் சொல்ல முடியும். மருக்கொழுந்து சருகாகக் காய்ந்தால் வருமே, அது முதலில். அதோடு கிராம்பு. அடியில் கொஞ்சம் சூடம். எல்லாவற்றுக்கும் கீழே நமக்குத் தெரிந்த வசம்பு. சோப்பு, பவுடர், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் அந்த வாசனை எங்கே இருந்து வருகிறது என்றுதான் தலையை உள்ளே விட்டேன்.

மூன்று பைகள் இருந்தன. துணிகளுக்கு நடுவில் நீலம் ஒன்று. மடித்த கொசுவலையில் கட்டியபடி பச்சை ஒன்று. மூன்றாவது தனியாகத் தாளில் சுற்றியிருந்தது. சாச்சா அதைத் தானே எடுத்துப் பிரித்தார். சிவப்புப் பட்டில் கெண்டை மாதிரி ஒரு மீன். உள்ளங்கை அகலம். கண்ணுக்குக் கறுப்பு மணி, வாலுக்குப் பச்சைக் குஞ்சம். பக்கத்து மருந்துக் கடைக்காரர் வீட்டு அம்மாள், வயதான சீனத்து அம்மாள், சாச்சிக்கு என்றே தைத்துக் கொடுத்தார்களாம். எல்லார் எதிரிலும் சாச்சி கையில் அதைக் கொடுத்துவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு வெள்ளை மனசு.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டால் உங்கள் வாட்ஸப் படத்தில் இருந்ததேதான். அங்கே எல்லாச் சீனர் வீட்டிலும் இது தொங்குமாம். வெயில் காலம் பிறந்ததும் புதிதாகத் தைப்பார்களாம். பிள்ளைகள் கழுத்தில், கொசுவலையில், துணிப் பெட்டியில், தலையணைக்கு அடியில், லாரி ஓட்டுகிறவர்கள் கண்ணாடிக்கு மேலே. பூச்சி அண்டாது, சீக்கு அண்டாது என்று ஒரு நம்பிக்கை. வாசனை போய்விட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் வேறு. இதைச் சொல்லிக்கொண்டே, அதே மூச்சில், இன்னொன்றையும் சொன்னார். தனியாக ஒரு அறை பார்த்துவிட்டாராம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம். தை கழிந்து போகும்போது சாச்சியையும் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

சாச்சி மீனைப் பிடித்த கையை அப்படியே வைத்திருந்தாள். என் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தா பினாங்குக்குப் போய் எத்தனையோ வருஷம். ஒரு கடிதத்திலாவது நீயும் வா என்று அவர் எழுதியதில்லை. பெரியம்மா கையை நீட்டி மீனை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கத்தில் மஞ்சள் நூலால் இரண்டு எழுத்து தைத்திருந்தது. நெருப்பைத் தொட்டவள் போலக் கீழே போட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?"

"நல்லபடியா இருங்கன்னு எழுதியிருக்காம் மச்சி." அண்ணன் மனைவி எங்களில் மச்சி.

"ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

சாச்சா சிரித்தார். "எனக்கு எங்க தெரியும்? அந்தம்மா சொன்னாங்க."

அந்தச் சிரிப்புதான் அவர் குடியைக் கெடுத்தது. நேர்மையாக ஒன்றைச் சொல்லுகிறேன், பெரியம்மா அந்த நிமிஷத்தில் பயந்தது நிஜம். மீனைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டில் வளர்ந்த யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள், நானும்தான் இரண்டடி தள்ளி நின்றேன். என் கோபமெல்லாம் அதற்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

மறுநாள் மத்தியானம் அசரத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் பச்சைப் பையை எடுத்து, தையலைப் பேனாக்கத்தியால் பிரித்து, ஒரு தட்டில் கொட்டினார். காய்ந்த இலை, பட்டை, இரண்டு மூன்று கிராம்பு, வேர்த்துண்டு. வேரை ஒடித்து முகர்ந்துவிட்டுப் பெரியத்தாவிடம் நீட்டினார். பெரியத்தாவும் முகர்ந்து, வசம்பு என்றார். அசரத்து சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"உள்ள இருக்கறது மருந்துச் சரக்குதான். எழுத்த எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதத நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். மனசுக்கு ஒப்பலன்னா தண்ணில விட்டுடுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போன சேதி வேறு. அசரத்தே பயந்துபோய்த் தண்ணீரில் விடச் சொல்லிவிட்டார், சிங்கப்பூரில் ஒரு சீனாக்காரி மருந்து வைத்துச் சாச்சாவைக் கட்டிப்போட்டிருக்கிறாள், பெண்டாட்டியையும் வரவழைத்து ஒழித்துக்கட்டத்தான் அந்த மீன். இதுதான் சேதி. மருந்துச் சரக்குதான் என்ற முதல் வாக்கியம் எங்கள் வாசற்படியைத் தாண்டவேயில்லை. அந்தச் சீனாக்காரிக்கு எழுபது வயது என்று சாச்சா சொன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாச்சி அன்று வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாள். பெரியம்மா பைகளைப் பழைய துணியில் முடிந்துகொண்டிருந்தபோது, கிட்டே போய் நின்று கேட்டாள். அக்காவை எங்களில் லாத்தா என்போம்.

"லாத்தா, எனக்குன்னு தெச்சதுதானே. எங்கிட்டயே கொடுத்துடுங்க. என்ன வந்தாலும் எனக்கே வரட்டும்."

பிள்ளைகள் இருக்கிற வீடு, வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். தட்டில் கொட்டியதையும் மற்ற இரண்டு பைகளையும் முடிந்து எடுத்துக்கொண்டு, துணைக்கு என் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு, படித்துறைக்குப் போனாள். நானும் வருவேன் என்று அழுதேன். விடவில்லை. இரண்டு பேரும் பாதம் நனைந்து திரும்பி வந்தார்கள். போய்விட்டது என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை. நான் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, சாச்சியின் அத்தாவைப் பூதலூரிலிருந்து வரவழைத்தார்கள். மனுஷர் ரயிலிலேயே பாதி உயிரை விட்டுவிட்டு வந்தார். பெரியத்தாவும் அவரும் சேர்ந்து சாச்சாவை உட்காரவைத்து, பள்ளிவாசலில் வந்து சத்தியம் பண்ணு என்றார்கள். அங்கே உனக்கு ஒரு பெண்ணும் இல்லை என்று சத்தியம் பண்ணினால் சாச்சியை அனுப்புகிறோம், இல்லாவிட்டால் இல்லை.

சாச்சா எழுந்து நின்றுவிட்டார். "எம் பொண்டாட்டிய எங்கூட அனுப்பறதுக்கு நான் எதுக்கு சத்தியம் பண்ணணும்? என்ன தப்பு பண்ணினேன்?"

எங்கள் ஊரில் சத்தியத்துக்கு வராதவன் தப்புப் பண்ணினவன். பேச்சு அதோடு முடிந்தது. இன்றைக்கும் எனக்கு அவர் மேல் ஆத்திரம் உண்டு. பண்ணித் தொலைத்திருக்கலாம். நிஜம்தானே, நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆண்பிள்ளை ரோஷம். ரோஷப்பட்டது அவர், கஷ்டப்பட்டது அவள்.

தை மாசம் சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும்போது அவர் கிளம்பினார். வாசலில் கார் நின்றது. சாச்சியை வழியனுப்பக்கூடக் கூப்பிடவில்லை. அவள் பின்கட்டில் அண்டாவுக்கு அடியில் எருமுட்டை வைத்து எரித்துக்கொண்டிருந்தாள். சாச்சா அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்ன பேசினார்களோ. புகை அப்படி மண்டியிருந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அவர் முன்பே எழுதிப்போட்டிருந்த சாச்சியின் பாஸ்போர்ட் அவர் போன பிறகு தபாலில் வந்தது. பெரியத்தா அதைப் பட்டாவும் கிரயப் பத்திரமும் இருந்த பெட்டியில் வைத்துப் பூட்டினார். அங்கேயே அது காலாவதியானது.

இப்போது வயதான கண்ணோடு பார்க்கிறேன். அந்த வருஷம் வீட்டில் நெல் அவிக்க வேறு ஆள் இல்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்காது. என் அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். சாச்சி கப்பலேறினால் அந்தப் பின்கட்டு என்னாகும்? இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லாமல் ஒரு பட்டு மீன் வந்து கையில் விழுந்தது. வேலைக்காரியை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றால் சம்பளத்தையாவது கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். இது செலவே இல்லாமல் முடிந்துவிட்டது.

மாசியில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். பெண்களெல்லாம் பெரியம்மாவின் அறையில் உடுத்திக்கொண்டிருந்தோம். பெரியம்மா பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்து உதறினாள். கொசுவம் வைக்கும்போது முந்தானை என் முகத்தில் பட்டது. மருக்கொழுந்து, கிராம்பு, சூடம், அடியில் வசம்பு. எனக்கு ஒரே சந்தோஷம். தொலைந்துபோன பூனைக்குட்டி திரும்பி வந்த மாதிரி கத்திவிட்டேன்.

"பெரியம்மா சேலைல சாச்சா பெட்டி வாசம் வருது!"

அடுத்த நிமிஷம் என் வாயில் ஒரு அறை விழுந்தது. அடித்தது பெரியம்மா இல்லை, என் அம்மா. உதடு கிழிந்து புதுப் பாவாடையில் ரத்தம் சொட்டியது. பெரியவர்களை நாய் மாதிரி மோந்து பார்க்கிறாயா, இதுதான் மரியாதையா என்று கேட்டாள். அதற்கு முன்பும் பின்பும் அம்மா என்னை அப்படி அடித்ததில்லை. பெரியம்மா கொசுவத்தைச் செருகிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். சாச்சி தரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் பின்ன ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சொல்ல வயிறு எரிகிறது. சாச்சா சில வருஷம் கடிதம் எழுதினார். பிறகு கடிதம் குறைந்தது. பிறகு அங்கேயே ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று சேதி வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பார்த்தாயா, அந்தப் பை வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். சொன்னது பலித்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. நல்லவேளை உன்னை அனுப்பவில்லை என்று சாச்சியிடமே சொன்னார்கள். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டாள். சாச்சா அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமானார். கல்யாண வீடுகளில் இந்தக் கதையை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சீனாக்காரி மந்திரம் என்று அதற்கு ஒரு பெயர். பெரியம்மாவின் பேரன் அப்படிச் சிரித்துவிட்டு ஏறிப் போகிற காரில், கண்ணாடிக்குக் கீழே, சிவப்பாக ஒன்று குஞ்சத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதாம். அதில் எழுத்தும் இருக்கிறது. அதை யாரும் ஆற்றில் விடச் சொல்லவில்லை.

பெரியம்மா போய், என் அம்மா போய், வீட்டைப் பாகம் பிரித்தபோது யார் பாகத்திலும் சாச்சி வரவில்லை. நான் ரிட்டையரானதும் தஞ்சாவூருக்கு என்னோடு கூட்டிவந்துவிட்டேன். மருத்துவக் கல்லூரிப் பக்கம் சின்ன வீடு. எண்பதைத் தொட்டுவிட்டாள். காது மந்தம், கண் பரவாயில்லை, நாக்கு அன்றைக்கு இருந்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

நீங்கள் படம் போட்ட அன்று, பாத்திரமெல்லாம் தேய்த்து முடித்த பிறகு, போனைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மீன் இல்லையே என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் பேச்சு வந்ததேயில்லை. அன்று நான் அடக்க முடியாமல் கேட்டேன், அந்தக் கல்யாணத்தன்று நான் கத்தினேனே, உனக்கும் அந்த வாசம் வந்ததா என்று.

"வாசம் என்னா வாசம். நான் கண்ணாலயே பாத்தேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்த பீரோவத் தொடைக்கிறது யாரு? அரக்குப் பட்டுக்கும் மாம்பழக் கலர் பட்டுக்கும் நடுவுல இருந்துச்சு மீனு. வாசம் போன பொறவும் இருந்துச்சு."

எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"எடுத்து எங்க வைக்கறது? எனக்கு ஏது பீரோ?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெரியம்மாவை நான் திட்டாத திட்டு இல்லை. செத்தவளைத் திட்டக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். செத்ததால் அவள் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? செய்வினை என்று ஊரைக் கூட்டிவிட்டு, அதே பையைத் தன் பட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ள எப்படி மனசு வந்தது, ஒரு பொம்பளை, ஒரே ஒரு பொம்பளை உன் வாழ்க்கையையே மண்ணாக்கிவிட்டாளே சாச்சி என்று கத்தினேன்.

சாச்சி போனை என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"ஒருத்தின்னா சொல்றே? அந்த ரூம்ல அன்னைக்கு அத்தன பேரு உடுத்திக்கிட்டு நின்னோம். மூக்கு இல்லாதவ யாரு? ஒங்கம்மாதானேம்மா கூட ஆத்துக்குப் போனாங்க. எத்தன பை தண்ணில போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அப்புறம் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன்.

என் கீழுதட்டில் ஒரு தழும்பு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எப்படி வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், சின்ன வயதில் மரியாதை தெரியாமல் பேசினேன், அம்மா திருத்தினாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். அம்மாவின் கபுரடியில் போய் நின்று இப்போது என்ன கேட்பது? கேட்டால் பதிலா வரப்போகிறது? அதனால்தான் இதயம் போட்ட உங்கள் மேல் பாய்ந்தேன். லிங்க் கேட்டவளே, எனக்கும் அதை அனுப்பு. மீன் வடிவத்தில் இருந்தால் நல்லது. சாச்சிக்கு நேற்றுத்தான் ஒரு பீரோ வாங்கினேன்.